எண்ணும் ஆட்டமும்: டென்னிஸ் சாதனைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

ஆண்கள் டென்னிஸ் சாதனைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். கிள்ளானிலிருந்து பினாங்கு வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இரவு வேலை பார்த்த காலம் முழுக்க இந்த எண்களோடுதான் வாழ்ந்தேன். அதனால் பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் கொடுத்துவிட்டார்.

என் கணவர் ஃபெடரர் பக்கம், மகன் ஜோகோவிச் பக்கம். "24 பெரிசா, 20 பெரிசா? கணக்கு முடிஞ்சது" என்கிறான் மகன். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தினம் இதே சண்டை. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா.
– இல்லத்தரசி, கிள்ளான்

அம்மா, கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையர் பட்டங்களின் எண்ணிக்கை மட்டும்தான் கேள்வி என்றால் மகன் சொல்வதே சரி. ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20. ஜோகோவிச்சின் 24இல் ஆஸ்திரேலியா 10, பிரெஞ்சு 3, விம்பிள்டன் 7, யுஎஸ் 4. நான்கையும் குறைந்தது மூன்று முறையாவது வென்ற ஆண் அவர் ஒருவர்தான். இதில் வாதத்துக்கு இடமே இல்லை.

ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்தே ஒருவரின் உயரத்தை அளப்பது அண்மைக் காலத்துப் பழக்கம் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். ராய் எமர்சன் 1967இல் தன் 12ஆவது பட்டத்தை வென்றார். அதன் பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் அந்தச் சாதனை அவர் பெயரில்தான் இருந்தது. அதைப் பற்றி அன்று பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. பியார்ன் போர்க் 11 பட்டங்களோடு, இருபத்தாறு வயதில் ஆட்டத்தை விட்டுப் போனார். எமர்சனைத் தொட இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்காக அவர் ஓடவில்லை. ஆஸ்திரேலிய ஓபனில் அவர் ஆடியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, 1974இல். 1977 முதல் 1985 வரை அந்தப் போட்டி டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி நடந்தது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அவ்வளவு தூரம் போகப் பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு மனம் வரவில்லை. 1974இல் அதை வென்ற ஜிம்மி கானர்ஸ்கூட 1975க்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. 1988இல் மெல்பர்ன் பார்க் திறந்து, புல்தரை கெட்டித்தரையாக மாறிய பிறகுதான் நிலைமை மாறியது.

பீட் சாம்ப்ராஸ் எமர்சனை நெருங்கிய காலத்தில்தான் உலகமே இந்த எண்ணிக்கையை எண்ண ஆரம்பித்தது. 2000 விம்பிள்டனில் 13 ஆனது, 2002 யுஎஸ் ஓபனில் 14. இனி இதை யார் தொடுவார் என்று எங்கள் மேசையிலும் தலைப்புப் போட்டோம். ஏழே ஆண்டில், 2009 விம்பிள்டனில், ஃபெடரர் 15ஐ எட்டினார். சாம்ப்ராஸ் அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அந்த இறுதி ஆட்டத்தின் ஐந்தாவது செட் 16-14. ஃபெடரர் 50 ஏஸ் அடித்தார், அதாவது எதிராளியின் மட்டை தொடாத சர்வ். எதிரே ஆடிய ஆண்டி ராடிக் தான் சர்வ் போட்ட கேமை ஆட்டம் முழுக்க ஒரே ஒரு முறைதான் இழந்தார், கடைசி கேமில். 77 கேம் கொண்ட ஆட்டத்தில் ஒரு தடவை வழுக்கியதற்குக் கொடுத்த விலை ஒரு விம்பிள்டன் பட்டம். அவர் அதை அப்புறம் வெல்லவே இல்லை. அந்தத் தோல்வியை எந்தச் சாதனைப் பட்டியலில் தேடுவது?

ஆக, சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் பிள்ளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மொத்தப் பட்டம், உலகத் தரவரிசையில் 428 வாரம் முதலிடம், எட்டு ஆண்டுகளை முதலிடத்தில் முடித்தது, இவையெல்லாம் ஜோகோவிச்சுக்கு. இடைவெளி இல்லாமல் 237 வாரம் முதலிடத்தில் இருந்ததும், விம்பிள்டனை எட்டு முறை வென்றதும் ஃபெடரருக்கு. இரண்டுமே பெருமைதான்.

ராட் லேவரிடம் 11 பட்டம்தானே இருக்கிறது? வயதானவர்கள் ஏன் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?
– கல்லூரி மாணவர், செர்டாங்

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தாய். நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் எழுத ஆசைப்படுவது இதைப் பற்றித்தான்.

லேவர் 1962இல் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் வென்றார். 1938இல் டான் பட்ஜ் செய்ததற்குப் பிறகு இரண்டாவது ஆண் அவர். அந்த ஆண்டு முடிந்ததும் பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு சேர்ந்தார். அன்றைய விதிப்படி தொழில்முறையாளருக்கு விம்பிள்டன் உட்பட நான்கு போட்டிகளிலும் இடம் கிடையாது. 1963 முதல் 1967 வரை முழுதாக ஐந்து ஆண்டுகள், அதாவது இருபது கிராண்ட் ஸ்லாம் போட்டிகள், அவருடைய இருபத்து நான்கு வயது முதல் இருபத்தொன்பது வயது வரை, கதவு சாத்தியே இருந்தது. 1968இல் எல்லோரும் ஆடலாம் என்று விதியை மாற்றினார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, 1969இல், மறுபடியும் நான்கையும் வென்றார். ஒரே காலண்டர் ஆண்டில் நான்கும் என்பதை இரண்டு முறை செய்த ஆண் வேறு யாரும் இல்லை. 1969க்குப் பிறகு ஒரு முறை செய்த ஆணும் இல்லை. ஜோகோவிச் 2021இல் மூன்றை வென்று, நான்காவதில் இறுதி ஆட்டம் வரை வந்து, மெத்வெதேவிடம் தோற்றார்.

அந்த ஐந்து ஆண்டுகளில் லேவர் எத்தனை வென்றிருப்பார் என்று கற்பனைக் கணக்குப் போட மாட்டேன். அது நமக்குத் தெரியாத ஒன்று. எமர்சனின் 12இல் பத்துப் பட்டங்கள் 1963க்கும் 1967க்கும் இடையில் வந்தவை என்பது மட்டும் தெரியும். லேவரும் அவரைப் போலவே தொழில்முறைக்குப் போன ரோஸ்வாலும் உள்ளே வர முடியாத காலம் அது. எமர்சனைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன் முன்னால் நின்றவர்களை அவர் வென்றார், அவர் செய்ய முடிந்தது அதுதான்.

கென் ரோஸ்வாலையும் பார். தொழில்முறைக்குப் போவதற்கு முன் நான்கு பட்டம், விதி மாறிய பிறகு முப்பது வயதைத் தாண்டி இன்னும் நான்கு. இடையில் பதினோரு ஆண்டுகள் வெறுமை. விம்பிள்டன் இறுதிக்கு 1954, 1956, 1970, 1974 என்று நான்கு முறை வந்தார், ஒரு முறைகூட வெல்லவில்லை. முதல் இறுதிக்கும் கடைசி இறுதிக்கும் இருபது ஆண்டு இடைவெளி. இந்த மாதிரி ஒரு வாழ்க்கையை "8" என்ற ஒற்றை எண்ணில் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஐஸ்னர்–மஹூ ஆட்டத்தின் சாதனையை யாராவது முறியடிப்பார்களா?
– பள்ளி ஆசிரியர், ஈப்போ

முறியடிக்க மாட்டார்கள், ஏனென்றால் இப்போதுள்ள விதி அதற்கு வழி விடாது.

டென்னிஸின் மிக நீண்ட ஆட்டம் அது: 2010 விம்பிள்டன் முதல் சுற்று. ஜான் ஐஸ்னர், நிக்கோலா மஹூ. 6-4, 3-6, 6-7, 7-6, 70-68. மொத்தம் 11 மணி 5 நிமிடம், 183 கேம், மூன்று நாள். ஐந்தாவது செட் மட்டும் 8 மணி 11 நிமிடம். ஐஸ்னர் 113 ஏஸ், மஹூ 103 ஏஸ்.

அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜூன் 23, புதன்கிழமை. இரண்டாம் நாள் ஆட்டம் நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்குமேல் தொடங்கியது, நேராக ஐந்தாவது செட். பத்து மணிக்கு உலகக் கிண்ணக் காற்பந்தில் இங்கிலாந்து–ஸ்லோவேனியா, அமெரிக்கா–அல்ஜீரியா. அலுவலகத்துக்குக் கீழே மாமாக் கடையில் எல்லோரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து ஆட்டம் முடிந்தது, டோனோவன் கடைசி நேரத்தில் போட்ட கோலுக்குக் கத்தி முடித்தார்கள், டென்னிஸில் அதே செட் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முடிவுக்காக நான் விட்டிருந்த இடத்தில் கடைசியில் "ஆட்டம் தொடர்கிறது" என்று போட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மைதானத்தில் இருந்த ஸ்கோர் பலகை 47-47இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓர் எண் வரும் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. நம் நேரம் விடிகாலை நான்கு மணி தாண்டி, 59-59இல், இருட்டிவிட்டது என்று நிறுத்தினார்கள். மறுநாள்தான் முடிந்தது.

இதற்கு முன் கேம் எண்ணிக்கையில் விம்பிள்டனின் மிக நீண்ட ஆட்டம் 1969இல் நடந்தது. 41 வயது பாஞ்சோ கொன்சாலஸ் சார்லி பாசரேலை 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என்று வென்றார், 112 கேம். அப்போது டைபிரேக்கே, அதாவது சமநிலையில் நிற்கும் செட்டைச் சில புள்ளிகளில் முடிக்கும் முறையே, கிடையாது. 1970இல் யுஎஸ் ஓபனும் 1971இல் விம்பிள்டனும் டைபிரேக்கைக் கொண்டுவந்தன. ஆனால் விம்பிள்டன் கடைசி செட்டைத் தொடவில்லை. அந்த ஓட்டைதான் 2010இலும் இருந்தது. 2018 அரையிறுதியில் இதே ஐஸ்னர், கெவின் ஆண்டர்சனோடு 26-24 வரை போய்த் தோற்றார். 2019இல் 12-12 ஆனால் டைபிரேக் என்று விதி வந்தது. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். இன்று ஐந்து செட்டும் டைபிரேக் வரை போனாலும் 65 கேமைத் தாண்டாது. 183 அப்படியே இருக்கும்.

ஐஸ்னர் அடுத்த சுற்றில் நேர் செட்களில், ஒன்றைக்கூட எடுக்காமல், தோற்றார். அந்த உடம்பில் அதற்கு மேல் என்ன மிச்சம் இருந்திருக்கும்?

அந்த ஆட்டத்தில் தோற்றவர்தான் அதிகப் புள்ளி எடுத்தாராமே, உண்மையா? அது எப்படி நடக்கும்?
– கணக்காளர், ஷா ஆலம்

உண்மைதான். மஹூ 502 புள்ளி, ஐஸ்னர் 478. தோற்றவருக்கு 24 புள்ளி அதிகம். 2019 விம்பிள்டன் இறுதியிலும் இதே கதை: ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரருக்கு இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் (எடுத்தால் கோப்பை என்ற புள்ளி) இருந்தன, இரண்டும் போயின. ஜோகோவிச் வென்ற மூன்று செட்டும் டைபிரேக்கில் வந்தவை. அவர் தோற்ற இரண்டில் ஒன்று 6-1.

நீங்கள் கணக்காளர், உடனே பிடித்துக்கொள்வீர்கள். ஒரு கேமை 40-0இலிருந்து வென்றாலும் ஒரு கேம், பத்து டியூஸுக்குப் (40-40 சமநிலை) பிறகு வென்றாலும் ஒரு கேம். செட்டும் அப்படியே. எந்த இடத்தில் வந்த புள்ளி என்பதுதான் முக்கியம். ஃபெடரர் 2024இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் இதைச் சொன்னார்: ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வென்றிருக்கிறார், ஆனால் வென்ற புள்ளிகள் 54 விழுக்காடுதான். எந்தப் பட்டியலையும்விட இந்த ஒரு வரி எனக்கு டென்னிஸைப் பற்றி அதிகம் சொல்கிறது. உலகத்திலேயே சிறந்த ஒருவர் ஏறக்குறைய இரண்டில் ஒரு புள்ளியை இழந்துகொண்டேதான் அங்கே போயிருக்கிறார்.

புக்கிட் ஜாலிலில் முன்பு ஏடிபி போட்டி நடந்ததே, அதில் சாதனை என்று ஏதாவது உண்டா?
– டாக்சி ஓட்டுநர், பூச்சோங்

உண்டு, அண்ணே. கேட்டதற்கு மகிழ்ச்சி, இதை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டார்கள்.

ஏடிபி என்ற ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கத்தின் மலேசிய ஓபன் 2009 முதல் 2015 வரை புத்ரா உள்ளரங்கில் நடந்தது, பின்னாளில் ஆக்சியாட்டா அரீனா என்று பெயர் மாற்றினார்களே, அங்கே. வென்றவர்கள் வரிசையாக டேவிடென்கோ, யூஷ்னி, டிப்சரேவிச், மொனாக்கோ, ஷுவாவ் சூசா, நிஷிகோரி, ஃபெரர். 2013இல் சூசா வென்றபோது, ஏடிபி ஒற்றையர் பட்டம் வென்ற முதல் போர்ச்சுகல்காரர் ஆனார். ஒரு நாட்டின் டென்னிஸ் வரலாற்றில் முதல் வரி கோலாலம்பூரில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் எனக்கு மறக்க முடியாதவர் வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரர் ஜூலியன் பெனட்டோ. 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோலாலம்பூர் இறுதிக்கு வந்தார், மூன்றிலும் தோற்றார். மொனாக்கோவிடம் மூன்று செட், சூசாவிடம் மூன்று செட், நிஷிகோரியிடம் இரண்டு செட். சூசாவுக்கு எதிராக முதல் செட்டை 6-2 என்று எடுத்து, பட்டத்துக்கு ஒரே புள்ளி தூரத்தில் நின்று, 5-7, 4-6 என்று விட்டார். அன்று பத்திரிகையாளர் வரிசையில் இருந்தேன். பரிசளிப்பில் அவர் தட்டை வாங்கிக்கொண்டு சூசாவைப் பார்த்துக் கைதட்டினார். அரங்கில் இருந்த கூட்டமும் வென்றவருக்குத் தட்டியதைவிடக் குறைவில்லாமல் அவருக்குத் தட்டியது.

வாழ்க்கையில் மொத்தம் பத்து ஏடிபி ஒற்றையர் இறுதி ஆட்டம், பத்திலும் தோல்வி. ஒரு பட்டமும் இல்லாமல் இத்தனை இறுதி ஆட்டங்களில் தோற்றது சாதனைப் புத்தகத்தில் அவர் பெயரில் இருக்கிறது. இதைக் கேலியாக எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது. பத்து முறை இறுதிக்கு வர வேண்டுமானால் அதற்கு முன் எத்தனை காலிறுதி, எத்தனை அரையிறுதி வென்றிருக்க வேண்டும்! 2009இல் பாரிஸிலும் 2013இல் ராட்டர்டாமிலும் ஃபெடரரையே வென்றவர் அவர். இரட்டையரில் 2014 பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்றார். அப்புறம் பிரெஞ்சுப் பெண்கள் அணிக்குத் தலைவராக இருந்து 2019இல் ஃபெட் கோப்பையை வாங்கித் தந்தார்.

2007இல் ஃபெடரரும் சாம்ப்ராஸும் நம் ஊரில் மோதினார்களே. அது எந்தக் கணக்கில் சேரும்?
– ஓய்வுபெற்ற தாதி, செந்தூல்

எந்தக் கணக்கிலும் சேராது அம்மா, அது கண்காட்சி ஆட்டம். நவம்பர் 22, ஃபெடரர் 7-6, 7-6 என்று வென்றார். இரண்டு நாள் கழித்து மக்காவ்வில் சாம்ப்ராஸ் வென்றார், அதுவும் சேராது. அதிகாரபூர்வமாக இருவரும் ஆடியது ஒரே ஒரு முறை: 2001 விம்பிள்டன் நான்காம் சுற்று, 19 வயது ஃபெடரர் ஐந்து செட்டில் வென்றார். ஆனால் நேரில் பார்த்த உங்களுக்கு அது உங்கள் கணக்கில் இருக்கிறது.

கணினித் தரவரிசை என்றால் தப்பே வராது அல்லவா?
– மென்பொருள் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

கணினி தப்புச் செய்யாது, சரி. அதற்கு என்ன கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஏடிபி தரவரிசை 1973 ஆகஸ்ட் 23இல் தொடங்கியது, முதல் முதலிடம் ருமேனியாவின் இலி நஸ்டாசே. அன்று புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி பார்த்தார்கள். நிறைய ஆடுகிறவருக்கு இந்த முறை பாதகம். அர்ஜென்டினாவின் கில்லர்மோ வில்லாஸ் ஓயாமல் ஆடியவர். 1977இல் பிரெஞ்சு ஓபன், யுஎஸ் ஓபன் உட்பட 16 பட்டம் வென்றார். அந்த ஆண்டை முதலிடத்தில் முடித்தவர் கானர்ஸ். அவர் அந்த ஆண்டு கிராண்ட் ஸ்லாம் எதையும் வெல்லவில்லை. விம்பிள்டன் இறுதியில் போர்க்கிடமும், யுஎஸ் இறுதியில் இதே வில்லாஸிடமும் தோற்றிருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பட்டியல் இன்றுபோல் வாரா வாரம் வரவில்லை, இடையில் வெற்று வாரங்கள் நிறைய. எடுவார்டோ புப்போ என்ற அர்ஜென்டினப் பத்திரிகையாளரும் மரியன் சியுல்பான் என்ற ருமேனியக் கணித வல்லுநரும் பல ஆண்டு உழைத்து, பழைய முடிவுகளை எல்லாம் திரட்டி, விடுபட்ட வாரங்களுக்கும் கணக்குப் போட்டார்கள். 1975இலும் 1976 தொடக்கத்திலும் சில வாரங்கள் வில்லாஸ் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. ஏடிபி ஏற்கவில்லை, பழைய பட்டியலைத் திருத்த முடியாது என்றது. பெண்கள் பக்கம் இதே மாதிரி கணக்கு வந்தபோது, 1976இல் இவான் கூலகாங் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தார் என்று பெண்கள் சங்கமான டபிள்யூடிஏ 2007இல் ஒப்புக்கொண்டது. அதே நியாயத்தை வில்லாஸுக்கும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் இன்று முதியவர், உடல்நலம் குன்றியிருக்கிறார். காலம் கடத்தக் கூடாது.

இன்றைய முறையிலும் விநோதங்கள் உண்டு. 2022இல் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களை விம்பிள்டன் தடுத்ததால் அந்த ஆண்டு அதற்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது என்றார்கள். வென்றவர் ஜோகோவிச். அவருடைய 24இல் அந்தப் பட்டம் இருக்கிறது, தரவரிசையில் அதற்குப் பூஜ்யம்.

உலகின் மிக வேகமான சர்வ் எது? ஏஸ் சாதனை யாருடையது?
– ஐந்தாம் படிவ மாணவன், சிரம்பான்

ஆஸ்திரேலியாவின் சாம் கிராத் 2012இல் பூசானில் மணிக்கு 263 கிலோமீட்டரில் அடித்தார். ஆனால் ஏடிபி தன் சாதனையாக எடுத்துக்கொள்வது, நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில் 2016இல் ஐஸ்னர் அடித்த 253ஐ. கிராத் ஆடியது கீழ்நிலைப் போட்டி, அங்கே வைத்த வேகமானி ஏடிபியின் கணக்கில் இல்லை. ஏஸ் எண்ணிக்கையிலும் ஐஸ்னர்தான் முதல், 14,000க்கு மேல். அந்தக் கணக்கு 1991இலிருந்துதான் தொடங்குகிறது தம்பி. அதற்கு முன் ஆடியவர்கள் அடித்த ஏஸ் எல்லாம் காற்றோடு போயிற்று.

இவ்வளவு சாதனையில் நம் தமிழர் பெயர் எங்காவது இருக்கிறதா?
– புத்தகக் கடைக்காரர், ஜார்ஜ்டவுன்

இருக்கிறது ஐயா, பெருமையாகச் சொல்லும்படி இருக்கிறது.

தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார், அதை வென்ற முதல் ஆசியர். 1960, 1961 இரண்டு ஆண்டும் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி. 1961 காலிறுதியில் அவர் வென்றது யாரைத் தெரியுமா? மேலே சொன்னேனே, 12 பட்டம் வென்ற ராய் எமர்சன், அவரைத்தான், அதுவும் நேர் செட்களில். இரண்டு அரையிறுதியிலும் அவரை வென்றவர்கள், 1960இல் நீல் ஃபிரேசர், 1961இல் லேவர், அந்தந்த ஆண்டுக் கோப்பையைத் தூக்கியவர்கள். 25 ஆண்டு கழித்து, 1986இல், மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே விம்பிள்டனில் காலிறுதி ஆடினார். 1979இல் அவரும் சிறுவர் பட்டத்தை வென்றிருந்தார், அப்பா வென்ற அதே பட்டம். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அன்றைய முதலிடக்காரர் மாட்ஸ் விலாண்டரை வெளியே அனுப்பியதும் ரமேஷ்தான். அவருடைய சர்வில் வேகமே இருக்காது. பந்தை எங்கே போட வேண்டும் என்பது மட்டும் தெரியும். நான் பார்த்ததில் அவ்வளவு அழகான ஆட்டம் குறைவு.

சென்னை விஜய் அமிர்தராஜ் 1973இல் விம்பிள்டன், யுஎஸ் ஓபன் இரண்டிலும் காலிறுதி. அந்த யுஎஸ் ஓபனில் லேவரை வென்றார், அடுத்த ஆண்டு அங்கேயே போர்க்கை வென்றார். 1981 விம்பிள்டன் காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, ஐந்தாவதில் தோற்றார். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இன்னொரு பதிவு. 1974 டேவிஸ் கோப்பைப் பட்டியலைத் திறந்தால் சாம்பியன் தென்னாப்பிரிக்கா, இறுதி ஆட்டம் நடக்கவில்லை, எதிரணி வராததால் வெற்றி என்று இருக்கும். எதிரணி இந்தியா. விஜயும் அண்ணன் ஆனந்தும் ஆடிய அணி, வென்றிருக்கக்கூடிய அணி. நிறவெறி அரசு நடந்த நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. 1987இல்தான் மறுபடி இறுதிக்கு வர முடிந்தது, அப்போது ஸ்வீடனிடம் தோல்வி. அந்த 1974ஆம் ஆண்டு வரியைப் படிக்கும்போது, அங்கே ஆடப்படாத ஆட்டத்துக்குத்தான் நான் எழுந்து நிற்பேன்.

பள்ளியில் டென்னிஸ் குழுவுக்கு நான் செயலாளர். மாவட்டப் போட்டி முடிவுகளை எல்லாம் தொகுத்து வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது? தோல்வியில் எதெல்லாம் சேரும் என்பதும் குழப்பமாக இருக்கிறது.
– நான்காம் படிவ மாணவி, சுங்கை பட்டாணி

தங்கச்சி, இந்தக் கடிதம்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது.

முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம். ஆடத் தொடங்கிய பிறகு காயத்தால் நடுவில் விட்டால் அது தோல்வி. களத்தில் இறங்காமலே விலகினால் வெற்றி தோல்விக் கணக்கில் சேராது, எதிராளி அடுத்த சுற்றுக்குப் போவார், அவ்வளவுதான். பிரெஞ்சு ஓபனில் நடாலின் கணக்கு 112 வெற்றி, 4 தோல்வி. 2009இல் சோடர்லிங், 2015இலும் 2021இலும் ஜோகோவிச், 2024இல் ஸ்வெரெவ், இவர்கள் மட்டும்தான் அவரை அங்கே வென்றவர்கள். 2016இல் மணிக்கட்டு வலியால் மூன்றாம் சுற்றுக்கு முன் விலகினாரே, அது அந்த நான்கில் இல்லை. அந்த ஆண்டுப் பட்டம் அவரிடம் இல்லை என்பதோடு சரி.

ஒரு தடித்த நோட்டு எடுத்துக்கொள், கணினியில் பிறகு ஏற்றலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, திடல், எந்தச் சுற்று, இருவர் பெயரும் பள்ளியும், செட் வாரியாக ஸ்கோர். டைபிரேக் என்றால் அதன் புள்ளியையும் பக்கத்தில் எழுது. பின்னாளில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. மழையால் சுருக்கி ஆடினார்களா, ஒரே செட் ஆட்டமா, மூன்று செட்டா என்பதையும் குறி. நம் ஊரில் மாலை மழை வந்துவிட்டால் பள்ளிப் போட்டிகளில் எட்டு கேம் ஒரு செட் என்று மாற்றிவிடுவார்கள். அதைக் குறிக்காவிட்டால் நாளைக்கு 8-6 என்ற ஸ்கோரைப் பார்த்துக் குழம்புவாய். முதல் சுற்றில் தோற்ற பிள்ளைகளின் பெயரையும் முழுப் பெயராக எழுது, வென்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவு இடத்தை அவர்களுக்கும் கொடு.

பழைய ஆண்டுகளுக்கு உங்கள் பள்ளி ஆண்டு மலரையும் உடற்கல்வி ஆசிரியரின் கோப்புகளையும் பார். இரண்டு இடத்தில் ஒரே முடிவு கிடைத்தால் பேனாவால் எழுது, ஒரே இடத்தில்தான் கிடைத்தது என்றால் பென்சிலால் எழுது. நோட்டின் முதல் பக்கத்தில், எந்த ஆண்டிலிருந்து கணக்கு முழுமையாக இருக்கிறது என்று ஒரு வரி போட்டு வை. ஓர் ஆண்டுக்கான பக்கங்கள் நிரம்பியதும் ஒரு நகல் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்பு, பார்த்து எழுதுகிறேன்.